யாருக்கு என்ன வேணும்

"அசையாதீங்க," என்றாள் மனைவி.

டாக்டர் அசையவில்லை. அசைந்தால் இன்னொரு முறை 'நொறுக்' என்று கேட்கும் என்பது அவருக்கே தெரிந்தது. நேர்முகத் தேர்வுக்குக் கிளம்புகிற அவசரத்தில் சாக்ஸ் போட நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்பே அவருடைய மூக்குக்கண்ணாடி அதில் உட்கார்ந்திருந்தது.

டாக்டர் என்றதும் யாரும் இருமிக்கொண்டு வந்துவிட வேண்டாம். அவர் மானிடவியலில் முனைவர் பட்டம் வாங்கிய டாக்டர். பட்டம் வாங்கிய புதிதில் ஆசையாக வாசலில் பலகை மாட்டினார். மறுநாள் காலையே பக்கத்து வீட்டுக்காரர் நாக்கை நீட்டிக்கொண்டு வந்து நின்றார். பலகையைக் கழற்றிவிட்டார், பெயர் மட்டும் கழலவில்லை. தெருவே இன்றைக்கும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறது.

மானிடவியல் என்பது மனிதர்களைப் பற்றிய படிப்பு. எந்த மனிதர்கள் என்று கேட்டால், எல்லா மனிதர்களும். ஒரு கூட்டத்தார் எப்படி வாழ்கிறார்கள், யார் யாரைக் கட்டிக்கொள்கிறார்கள், யாரைக் கண்டால் யார் எழுந்து நிற்கிறார்கள் என்பதையெல்லாம் அவர்களோடு போய் இருந்து, பார்த்து, கேட்டு எழுதுவது. மிக நல்ல படிப்பு. அதில் ஒரே ஒரு குறை, படித்து முடித்தவருக்கு உட்கார இடம் கிடையாது. அந்தத் துறை இருக்கிற கல்லூரிகளே குறைவு. இருக்கிற துறையில் ஒருவர் ஓய்வு பெற்றால்தான் ஒரு நாற்காலி காலியாகும். அப்படிக் காலியாகிற நாற்காலியையும் சிக்கனம் என்று சொல்லித் தூக்கிக் கிடங்கில் போட்டுவிடுவார்கள்.

டாக்டர் பல வருஷமாக, கல்லூரி கல்லூரியாகப் போய் மணிக்கணக்கில் பாடம் எடுத்துக்கொண்டு அந்த ஒரு நாற்காலிக்காகக் காத்திருந்தார். இப்போது பல்கலைக்கழகத்தில் மானிடவியல் உதவிப் பேராசிரியர் பதவி ஒன்று காலியாகி, விளம்பரமும் வந்து, அழைப்பும் வந்துவிட்டது. விண்ணப்பிப்பதற்கான வயது வரம்பு அவருக்கு இந்த வருஷத்தோடு முடிகிறது. இது தப்பினால் அடுத்த மாதத்திலிருந்து மச்சானின் டைல்ஸ் கடையில் உட்கார வேண்டியதுதான். மச்சான் மிகவும் நல்லவர். அதனால்தான் மறுக்கவும் முடியவில்லை.

"கண்ணாடியில ஒரு கால்தானே உடைஞ்சிருக்கு, ஒட்டிடலாம் மாப்பிள்ளை," என்று மாமனார் உடனடிப் பசைக் குப்பியோடு வந்தார். மாமனாருக்கு எதையாவது ஒட்டக் கிடைத்தால் போதும்.

இந்த உடனடிப் பசை வேலை செய்கிற விதம் வேடிக்கையானது. காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்துத்தான் அது இறுகும். இறுகும்போது மெல்லிய ஆவி விடும். அந்த ஆவி பக்கத்தில் எது இருந்தாலும் அதன்மேல் போய் வெள்ளையாகப் படியும். பக்கத்தில் இருந்தது லென்ஸ்.

"கால் ஒட்டிக்கிச்சு," என்றார் மாமனார், பெருமையாக.

"ஒண்ணும் தெரியல மாமா," என்றார் டாக்டர்.

"என்னங்க, இதைப் போட்டுத் துடைங்க. பசை எல்லாம் போயிடும்," என்று மனைவி நகப்பூச்சு அழிக்கிற திரவத்தைக் கொண்டுவந்தாள். பசை போனது உண்மை. ஆனால் கண்ணாடி என்று நாம் வாய் நிறையச் சொன்னாலும் இந்தக் காலத்து லென்ஸ் கண்ணாடியில்லை, பிளாஸ்டிக். அந்தத் திரவம் சிலவகைப் பிளாஸ்டிக்கை அப்படியே அரித்துவிடும். துடைக்கத் துடைக்க லென்ஸ், மழைக்காலத்துப் பஸ் ஜன்னல் மாதிரி ஆனது.

"இப்ப?" என்றாள் மனைவி.

"இப்ப காலும் தெரியல," என்றார் டாக்டர்.

மாமனார் தயங்கவில்லை. தன் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி மருமகனின் மூக்கில் மாட்டினார். "என்னோடதைப் போட்டுக்கிட்டுப் போங்க. கண்ணாடின்னா கண்ணாடிதான்."

கண்ணாடியென்றால் கண்ணாடியல்ல. டாக்டருக்குக் கிட்டப்பார்வை, தூரத்தில் இருப்பது தெரியாது. மாமனாருடையது பேப்பர் படிக்கிற கண்ணாடி. பக்கத்தில் இருப்பதைப் பெரிதாக்கும், தூரத்தில் இருப்பதை இன்னும் கலைத்துவிடும். ஆக, இரண்டு பேருடைய கோளாறும் இப்போது ஒரே மூக்கின் மேல் ஏறிக்கொண்டது. கை நீட்டினால் கை தெரிந்தது. கைக்கு அப்பால் உலகம் பஞ்சுமூட்டையாக இருந்தது.

"கழற்றிடட்டுமா மாமா?"

"கழற்றாதீங்க. போட்டாத்தான் புரொபசர் மாதிரி இருக்கீங்க," என்றார் மாமனார். பிறகு அக்கறையாக, "ஆமா மாப்பிள்ளை, மனுஷனைப் பத்திப் படிக்கிறதுக்கு ஒரு வேலையா? நாங்கல்லாம் படிக்காமலே மனுஷனா இருக்கோமே," என்றார்.

"அப்பா, கிளம்பற நேரத்துல வேண்டாம்," என்றாள் மனைவி.

*

பல்கலைக்கழகத்தின் அந்தத் தாழ்வாரத்தில் இரண்டு கதவுகள் இருந்தன. இரண்டிலும் ஏதோ காகிதம் ஒட்டியிருந்தது. டாக்டருக்கு அது காகிதம் என்கிற வரைக்கும் தெரிந்தது. கிட்டே போய்ப் படிக்கலாமென்றால், கதவருகே யாரும் நிற்கக் கூடாது என்று அலுவலக உதவியாளர் கையைக் காட்டி விரட்டினார்.

உதவியாளர் கையைக் காட்டியதற்குக் காரணம் இருந்தது. அவருக்குக் கடைவாய்ப் பல் வலி. கன்னம் பந்து போல வீங்கி, வாய் நிறையப் பஞ்சு. பேச வேண்டிய இடத்தில் கையைக் காட்டினார். காட்ட முடியாத இடத்தில் பஞ்சுக்குள்ளிருந்து பேசினார்.

டாக்டர் தடவித் தடவி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு பெண்மணி கைக்குட்டையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

"இன்டர்வியூவா சார்?"

"ஆமாம்மா. மானிடவியல்."

"நான் மனையியல்," என்றார் அந்த அம்மா. "ரெண்டுக்கும் இன்னைக்குத்தான் வச்சிருக்காங்க. ஆளுக்கு ஒரு ரூம். எனக்கு இதோட அஞ்சாறு இன்டர்வியூ ஆச்சு. நல்லாத்தான் பதில் சொல்றேன், கடைசில வேற யாரையாவது எடுத்துடறாங்க."

மனையியல் என்றால் வீட்டைப் பற்றிய படிப்பு. சத்துணவு, குழந்தை வளர்ப்பு, துணிமணி, வீட்டு நிர்வாகம், சமையலறை அமைப்பு எல்லாம் அதில் உண்டு. பெயரில்தான் இரண்டும் உரசிக்கொள்கின்றன. பாடத்தில் ஒன்றையொன்று திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

உள்ளே போனவர்கள் போன வேகத்தில் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் தலையை ஆட்டிக்கொண்டே படியிறங்கினார். இன்னொருவர், "இதுக்கா இவ்வளவு படிச்சேன்?" என்று சுவரைக் கேட்டார்.

"ரொம்பக் கஷ்டமான ஆளுங்க போல," என்றார் டாக்டர்.

உதவியாளர் தாழ்வாரத்தின் நடுவில் வந்து நின்று, தாளைப் பார்த்து, பஞ்சுக்குள்ளிருந்து கூப்பிட்டார்: "மாஹ்யல்."

டாக்டரும் எழுந்தார். அந்த அம்மாவும் எழுந்தார்.

"மானிடவியலா, மனையியலா?" என்று டாக்டர் கேட்டார்.

"மாஹ்யல்," என்றார் உதவியாளர், வலியோடு.

"உங்களைத்தான் சொல்றாரு சார், போங்க. 'மா' நீளமா வந்துச்சே," என்றார் அந்த அம்மா.

உதவியாளர் வலப்பக்கக் கதவைக் காட்டினார். டாக்டர் உள்ளே போனார்.

*

அறையில் நீளமான மேசை. அதற்குப் பின்னால் சில உருவங்கள். நடுவில் இருந்த பெரிய உருவத்தைப் பார்த்து டாக்டர் பணிவாகக் கும்பிட்டார். "வணக்கம் சார்."

"அது என்னோட மழைக்கோட்டு," என்றது இடப்பக்கத்திலிருந்து ஒரு அம்மாவின் கணீர்க் குரல். "நான் இங்க இருக்கேன். உட்காருங்க."

தேர்வுக் குழுவில் மூன்று நிபுணர்கள். கணீர்க் குரல்தான் தலைவர் அம்மா. அடுத்து, தொண்டையில் கரகரப்போடு ஒரு பெரியவர். கடைசியில் சின்னக் குரலில் ஓர் இளம் பெண். டாக்டருக்கு முகங்கள் தெரியவில்லை; குரல்களை வைத்து ஆட்களைப் பிரித்துக்கொண்டார்.

"உங்க ஆராய்ச்சியை ரெண்டு வரியில சொல்லுங்க," என்றார் தலைவர் அம்மா.

இதை அவர் வீட்டு நிலைக்கண்ணாடி முன்னால் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தார். "குடும்பம்தான் மேடம். ஒரு வீட்டுக்குள்ள யார் யாருக்கு என்ன வேணும்கிறதுதான் என் ஆராய்ச்சி."

"அப்பாடா," என்றது கரகரக் குரல். "காலையிலேருந்து இப்பதான் ஒருத்தர் விஷயத்துக்கு வந்திருக்கார்."

"நல்லது," என்றார் தலைவர் அம்மா. "உங்க வீட்டையே எடுத்துக்குவோம். மாமனார் இருக்காரா? அவருக்கு என்ன வேணும்?"

"அவருக்கு மாப்பிள்ளை வேணும் மேடம்."

"மாமியாருக்கு?"

"அவங்களுக்கும் மாப்பிள்ளைதான்."

"எல்லாருக்கும் ஒண்ணேவா?" என்று கரகரக் குரல் குறுக்கிட்டது. "வயசுக்குத் தகுந்த மாதிரி மாத்த வேண்டாமா?"

"எந்த வயசானாலும் மாப்பிள்ளை மாப்பிள்ளைதான் சார். இனிமே மாத்தறது கஷ்டம்."

இளம் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "போர்டுல வரைஞ்சு விளக்குங்களேன் சார்," என்றார்.

டாக்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது. போர்டு கையெட்டும் தூரத்தில் இருப்பது. மாமனார் கண்ணாடிக்குத் தோதானது. மார்க்கரை எடுத்தார்.

மானிடவியல்காரர்கள் குடும்பத்தை வரைகிற விதத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். ஆணுக்கு முக்கோணம். பெண்ணுக்கு வட்டம். இரண்டுக்கும் நடுவில் சமக்குறி போட்டால் கல்யாணம். கீழே கோடு இழுத்தால் பிள்ளைகள். குறுக்கே ஒரு கோடு கிழித்தால் ஆள் இறந்துவிட்டார் என்று அர்த்தம். எத்தனை பெரிய குடும்பத்தையும், எத்தனை தலைமுறையானாலும், ஒரே போர்டில் அடக்கிவிடலாம். டாக்டர் தம் ஆராய்ச்சியில் பார்த்த ஒரு குடும்பத்தைச் சரசரவென்று வரைந்தார்.

தலைவர் அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்த முக்கோணத்துக்கும் இந்த வட்டத்துக்கும் எவ்வளவு தூரம் விடுவீங்க?"

எவ்வளவு நுட்பமான கேள்வி என்று டாக்டர் வியந்தார். "ஆரம்பத்துல ரொம்பக் கிட்டக் கிட்ட இருக்கும் மேடம். வருஷம் போகப் போகத் தள்ளிப் போகும்."

"தானாவா?"

"மாமியார் கொஞ்சம் தள்ளுவாங்க."

"அதைத்தான் நானும் வகுப்புல சொல்றேன்," என்றார் தலைவர் அம்மா மற்ற இருவரிடமும். "பெரியவங்க இஷ்டத்துக்கு நகர்த்திடறாங்க. சரி, இந்த முக்கோணத்துக்குக் குறுக்கே ஏன் கோடு?"

"அது காலமாயிடுச்சு மேடம்."

"என்ன ஆச்சு?"

"புகைதான். ராத்திரி பகல்னு பார்க்காமப் புகைச்சுது."

"அப்பவே கவனிச்சிருக்கணும்," என்றது கரகரக் குரல், கண்டிப்பாக.

"எல்லாரும் சொன்னாங்க சார். கேக்கல."

"வேற புதுசு மாத்தலையா?"

"மாத்தினாங்க. இந்த வட்டம் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துட்டு, இந்த இன்னொரு முக்கோணத்தைக் கட்டிக்கிச்சு. இதுவும் நல்ல முக்கோணம். பக்கத்துத் தெரு."

"பக்கத்துத் தெருவுலயா அடுப்பை வைப்பீங்க?" என்று தலைவர் அம்மா மெதுவாகக் கேட்டார்.

மார்க்கர் நின்றது. "அடுப்பா மேடம்?"

"முக்கோணம் அடுப்பு, வட்டம் பாத்திரம் கழுவற தொட்டி. அதைத்தானே போட்டிருக்கீங்க?"

நாம் தமிழில் 'என்ன வேணும்' என்பதை இரண்டு விதமாகச் சொல்கிறோம். கடைக்காரர் கேட்டால் அது சாமான். கல்யாண வீட்டில் கேட்டால் அது சொந்தம். "அவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று பக்கத்துப் பந்தியில் கேட்டால் யாரும் துணிப்பையை எடுத்து நீட்டுவதில்லை. டாக்டர் சொந்தத்தைச் சொல்ல, இவர்கள் சாமானைக் கேட்டிருக்கிறார்கள்; 'மாப்பிள்ளை' இவர்கள் காதில் மாப்பிள்ளைச் சம்பா அரிசியாக விழுந்திருக்கிறது. முக்கோணமும் அப்படித்தான். அடுப்பு, தொட்டி, குளிர்ப்பெட்டி ஆகிய மூன்றுக்கும் நடுவில்தான் சமைக்கிறவர் நாள் முழுக்க நடக்கிறார்; அந்த முக்கோணம் சின்னதாக இருந்தால் கால் வலி குறையும். இது மனையியலில் பால பாடம்.

மனையியல்.

தப்பான அறைக்குள் வந்துவிட்டோம் என்பது டாக்டருக்குத் தெளிவாகப் புரிந்தது. பஞ்சு வாய் கூப்பிட்டது அந்த அம்மாவைத்தான். கதவிலிருந்த காகிதத்தைப் படிக்க மட்டும் முடிந்திருந்தால். அவர் மனதுக்குள் மாமனாரை, பசையை, நகப்பூச்சை வரிசையாக நினைத்துக்கொண்டார்.

"மேடம், நான் ஒரு நிமிஷம் வெளியில போயிட்டு..."

"போனா போனதுதான்," என்றார் தலைவர் அம்மா. "காலையிலேருந்து எல்லாரும் பாதியில எழுந்து எழுந்துதான் போறாங்க. எழுந்து போனவங்களுக்கு ஆப்சென்ட் போட்டுடறோம். அப்புறம் எந்த ரூமுக்கும் போக முடியாது."

எந்த அறைக்கும் போக முடியாது. டாக்டர் உட்கார்ந்துவிட்டார். சரியான அறை போய்விட்டது. கையில் இருப்பது இந்த அறைதான். இங்கேயும் நாற்காலி காலிதான். டைல்ஸ் கடையை விட இது மேல்.

"தொடரலாம் மேடம்," என்றார்.

"கம்பளித் துணியை எப்படித் துவைப்பீங்க?" என்றது கரகரக் குரல்.

"நல்லாக் கொதிக்கிற தண்ணியில சார்."

"சுருங்கிடுமே."

கம்பளி நூலின் மேல் மீன் செதிலைப் போல நுண்ணிய செதில்கள் உண்டு. சூட்டில் அடித்துத் துவைத்தால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி சுருங்கிவிடும். டாக்டருக்கு அது தெரியாது. ஆனாலும் விடவில்லை. "சுருங்கினா குழந்தைக்குப் போட்டுக்கலாம் சார்."

"குழந்தை இல்லாத வீட்டுல?"

"மறுபடி துவைச்சா பொம்மைக்கு ஆகும்."

இளம் பெண் இந்தமுறை சிரிப்பை அடக்கவில்லை. ஆனால் தலைவர் அம்மாவின் பேனா தாளில் எதையோ அடிக்கிற சத்தம் கேட்டது. இன்னும் இரண்டு கேள்வி போனால் ஆள் காலி.

அப்போதுதான் டாக்டருக்குத் தம் தொழில் நினைவுக்கு வந்தது.

முன்பின் தெரியாத ஊருக்குள் போகிற மானிடவியல்காரர் என்ன செய்வார்? தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார். அந்த ஊர்க்காரர்களையே கேட்பார். அவர்கள் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்பார். கேட்கத் தெரிந்தவரிடம் மனிதர்கள் எதையும் சொல்லிவிடுவார்கள். ஏனென்றால் வீட்டில் அவர்களை யாரும் கேட்பதில்லை. டாக்டர் இந்த வேலையில் கெட்டிக்காரர். கோபக்காரர்கள் என்று பெயரெடுத்த ஊர்களில்கூட அவருக்குப் பாய் விரித்துக் கதை சொல்லியிருக்கிறார்கள்.

"சமையலறையில பொருட்களை எந்த ஒழுங்குல அடுக்கணும்?" என்று கேட்டார் தலைவர் அம்மா.

"உங்க வீட்டுல எப்படி மேடம் அடுக்கியிருக்கீங்க?"

"என்னையா கேக்கறீங்க?"

"உங்களைத்தான் மேடம். உதாரணத்துக்கு, உப்பு டப்பா எங்க இருக்கு?"

தலைவர் அம்மா பேனாவை மூடுகிற சத்தம் கேட்டது.

"அடுப்புக்கு வலப்பக்கம்தான் இருந்தது," என்றார். "இருபது வருஷமா அங்கதான். மருமக வந்தா. வந்த மறுவாரமே மேல் தட்டுல ஏத்திட்டா."

"நீங்க என்ன பண்ணினீங்க?"

"இறக்கினேன்."

"அவங்க?"

"மறுபடி ஏத்தினா. வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசறதில்லை. நான் இறக்கறதும் அவ ஏத்தறதும்தான்."

"உங்க பையன்?"

"அவன் உப்பில்லாமச் சாப்பிடப் பழகிட்டான்."

"எனக்கு அது கூடக் கிடையாது," என்று கரகரக் குரல் திடீரென்று சேர்ந்துகொண்டது. "சமையலறை அமைப்பைப் பத்திப் புத்தகமே போட்டிருக்கேன். என் வீட்டுச் சமையலறைக்குள்ள என்னை விடமாட்டாங்க. தண்ணி குடிக்கணும்னா வாசப்படியில நின்னு கேக்கணும்."

"யாரு சார் விடறதில்லை? வீட்டம்மாவா?"

"அவளும் வாசப்படியிலதான். சமையல்காரம்மாதான் எங்க ரெண்டு பேரையும் விடறதில்லை."

டாக்டர் எதையும் அவசரப்படுத்தவில்லை. நடுநடுவே ஒரு "ம்", ஒரு "அப்புறம்". அவ்வளவுதான் அவர் போட்ட முதல். கொஞ்ச நேரத்தில் இளம் பெண், தானும் கணவரும் ஆளுக்கொரு சோப்பும் நாரும் வைத்துக்கொண்டு தனித்தனியாகப் பாத்திரம் கழுவுவதைச் சொல்லிக்கொண்டிருந்தார். தலைவர் அம்மா அதற்கு அறிவுரை சொன்னார். கரகரக் குரல் அந்த அறிவுரையை எதிர்த்தது. மூன்று பேரும் சேர்ந்து பேசினார்கள். டாக்டர் எழுந்து போர்டில் புதிதாக ஒரு படம் போட்டார். அதில் ஒரு உப்பு டப்பா. இரண்டு பக்கமும் இரண்டு வட்டம்.

"மேடம், உப்பு எங்க இருக்கணும்னு உங்க படிப்பு சொல்லும். அது சரிதான். ஆனா உப்பை எங்க வைக்கிறதுன்னு யார் முடிவு பண்றாங்களோ, அவங்கதான் அந்த வீட்டுக்குத் தலைவர். இத்தனை நாளா நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டது டப்பாவுக்காக இல்லை."

"அப்ப நல்ல சமையலறைன்னா எது சார்?" என்று இளம் பெண் கேட்டார். அது தேர்வுக் கேள்வியாக இல்லை. அவருக்கே தெரிய வேண்டியிருந்தது.

"யாரும் யாரையும் கேக்காம உப்பை எடுக்கிற சமையலறை," என்றார் டாக்டர்.

தலைவர் அம்மா மூக்கை உறிஞ்சினார். "நீங்க வெளியில இருங்க," என்றார். பிறகு, பக்கத்திலிருந்தவர்களிடம் சொல்வதாக நினைத்துக்கொண்டு உரக்கவே சொன்னார்: "இனி வேற யாரையும் கூப்பிட வேண்டாம்."

*

டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்து மனையியலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். கிடைத்துவிட்டால் கம்பளியைப் பற்றியாவது படித்துவிட வேண்டும். பக்கத்தில் அந்த அம்மாவைக் காணவில்லை. இடப்பக்க அறைக்குள் போயிருந்தார். பாவம், அவரும் என்னால் தப்பான அறையில் அல்லவா மாட்டிக்கொண்டார் என்று டாக்டர் வருந்தினார்.

துணைப் பதிவாளர் இரண்டு உறைகளோடு தாழ்வாரத்துக்கு வந்தார். அவருக்குப் பல்லெல்லாம் நன்றாக இருந்தது. ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாகக் காதில் விழுந்தது.

"வலப்பக்க அறை. மா-னி-ட-வி-யல், உதவிப் பேராசிரியர்," என்று படித்து, டாக்டரின் பெயரைச் சொன்னார்.

டாக்டர் எழுந்து நின்றார். "எந்தத் துறைன்னு சொன்னீங்க சார்?"

"மானிடவியல். நீங்க அதுக்குத்தானே வந்தீங்க?"

"அதுக்குத்தான் சார். அதுக்கு மட்டும்தான்," என்றார் டாக்டர். துணைப் பதிவாளரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். உதவியாளரின் கையையும் குலுக்கினார். குலுக்கல் பல் வரைக்கும் போயிருக்க வேண்டும். அவர் பஞ்சுக்குள்ளிருந்து ஒரு சத்தம் எழுப்பினார்.

தப்பான அறையே இல்லை. சரியான அறைதான். அப்படியென்றால் அடுப்பு? கம்பளி? உப்பு? ஒரு நொடி திகைத்தார். மறுநொடி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இடத்தில் போய் உட்கார்ந்தது. உடனே வீட்டுக்குப் போன் போட்டார்.

"கிடைச்சிடுச்சு," என்றார்.

அந்தப் பக்கம் மனைவி, "நிஜமாவாங்க?" என்றாள். குரல் உடைந்திருந்தது. அதை ஒட்ட எந்தப் பசையும் தேவைப்படவில்லை; அவளே சமாளித்துக்கொண்டு, "என்ன கேட்டாங்க?" என்றாள்.

"அதைத்தான் சொல்ல வர்றேன். அவங்க சாதாரண ஆளுங்க இல்லை. மானிடவியல்ல மானிடவியலையே கேட்டா யார் வேணா சொல்லிடுவான். இவங்க என்ன பண்ணினாங்க தெரியுமா? தெரியாத ஊருக்குள்ள ஒருத்தனை இறக்கிவிட்டா எப்படிப் பிழைக்கிறான்னு பார்த்திருக்காங்க. மூணு பேரும் வேற ஒரு கூட்டத்து ஆளுங்க மாதிரியே கடைசி வரைக்கும் நடிச்சாங்க. அடுப்புங்கறாங்க, தொட்டிங்கறாங்க. அந்தம்மா உப்பு டப்பாவைச் சொல்லி அழுதே காட்டிட்டாங்க. மத்தவங்க எல்லாம் புரியாம எழுந்து ஓடிட்டாங்க. நான் ஒருத்தன்தான் அந்த ஊர் பாஷையைப் பிடிச்சேன். இப்படி ஒரு பரிட்சையை நான் கேள்விப்பட்டதே இல்லை."

"அப்பா பேசணுமாம்."

"மாப்பிள்ளை," என்றார் மாமனார். "நான் அப்பவே சொன்னேன்ல, அந்தக் கண்ணாடி போட்டா புரொபசர் மாதிரி இருக்கீங்கன்னு. சீக்கிரம் கொண்டாங்க, பேப்பர் படிக்கணும்."

டாக்டர் சிரித்துக்கொண்டே போனை வைத்தார். எதிரில் ஓர் உருவம் வேகமாக வந்தது. கிட்டே வந்ததும் அந்த அம்மா. கண்ணெல்லாம் ஈரம், முகமெல்லாம் சிரிப்பு.

"எனக்கும் கிடைச்சிடுச்சு சார். மனையியல். இப்பதான் படிச்சாங்க."

"ரொம்ப சந்தோஷம்மா. எனக்கும் கிடைச்சிடுச்சு. ஆனா என்னை ஒரு வழி பண்ணிட்டாங்க. அப்படி ஒரு சோதனை. உங்களுக்கு அந்தத் தொல்லை எல்லாம் இருந்திருக்காது. நேரா உங்க பாடத்துலயே கேட்டிருப்பாங்க."

"எங்க சார்," என்றார் அந்த அம்மா, குரலைத் தாழ்த்தி. "நான் போர்டுல சமையலறைப் படம் போட்டேன், அடுப்புக்குப் போட்ட முக்கோணத்தைத் தொட்டுக் காட்டி, 'இவருக்கு எத்தனை சம்சாரம்'னு கேட்டாங்க."